மதில் கட்டிய ஆளுநர் நெகேமியா



நமது பங்கின் பொன்விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு விழாக் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். மறைசாட்சிகள், துறவியர், மறைபரப்பிய குருக்கள் ஆகியோரின் வரலாறுகளை நீங்கள் மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். எனவே இம்முறை குருவும் அல்லாத, இறைவாக்கினரும் அல்லாத ஒருவரைத் தேர்ந்துகொண்டோம். அவர் ஓர் அரசு அலுவலர். அந்நியப் பேரரசர் ஒருவரின் கீழ் பணியாற்றி, சிறியதொரு மாநிலத்திற்கு ஆளுநராக அனுப்பப்பட்டு, தம் மக்களுக்கு மதிலும் நீதியும் தேடித் தந்தவர். அவர்தாம் பழைய ஏற்பாட்டில் தமது பெயராலேயே ஓர் ஆகமம் உடைய நெகேமியா.

நாம் குருமடத்தில் பயின்ற நாட்களில் கையாண்ட இலத்தீன் திருமறையில் இவருடைய நூலுக்கு எஸ்திராஸ் இரண்டாம் ஆகமம் என்ற பெயரும் உண்டு. அதன் பெரும்பகுதி அவரே தம்மைப் பற்றித் தன்மையில் எழுதிய குறிப்புகள். கணக்கு எழுதிப் பழகிய ஒருவரின் கையெழுத்து அதில் தெரிகிறது. எத்தனை நாள், எத்தனை பேர், எவ்வளவு செலவு என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். ஆதலால் இவ்வரலாற்றை நாம் ஊகித்துச் சொல்ல வேண்டிய தேவை அதிகமில்லை.

பேரரசும் அதன் மாநிலங்களும்

நெகேமியாவின் பணியை அறிந்துகொள்ள, அவர் காலத்து அரசாட்சி எவ்வாறு நடந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நலம்.

கி.மு. 587-ஆம் ஆண்டில் பாபிலோனியர் எருசலேமைத் தாக்கி, கோவிலை எரித்து, மதில்களை இடித்து, மக்களைச் சிறைப்பிடித்துச் சென்றனர். கி.மு. 539-இல் பாரசீக மன்னர் சைரஸ் பாபிலோனைக் கைப்பற்றினார். மறு ஆண்டே யூதர்கள் தாயகம் திரும்பலாம் என்று அனுமதி அளித்தார். திரும்பி வந்தவர்கள் பல இடையூறுகளுக்குப் பின் கி.மு. 515-இல் கோவிலைக் கட்டி முடித்தனர். ஆனால் நகரின் மதில்கள் இடிந்த நிலையிலேயே கிடந்தன.

சைரசுக்குப் பின் வந்த தாரியுஸ் மன்னர் (கி.மு. 522-486) அப்பெரும் பரப்பை ஒழுங்குபடுத்தினார். மேற்கே ஏஜியன் கடல் முதல் கிழக்கே சிந்து நதி வரை பரவியிருந்த ஆட்சி அது. அதை 20 வரி மண்டலங்களாக அவர் பிரித்தார் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார். பெரிய மாநிலங்களின் தலைவர்களுக்குச் சத்ரப் என்று பெயர். அரசைக் காப்பவர் என்பது அதன் பொருள். பிற்காலத்தில் நம் நாட்டின் மேற்குப் பகுதியை ஆண்ட சத்ரபர்கள் என்னும் மன்னர்களின் பட்டமும் இச்சொல்லிலிருந்தே வந்தது.

சத்ரப் வரி வசூலிப்பார், வழக்குத் தீர்ப்பார், சாலைகளைக் காப்பார். ஆனால் அவர் கையில் எல்லா அதிகாரமும் இருந்துவிட்டால் தாமே மன்னராக முயலக்கூடும் அல்லவா? எனவே முக்கியக் கோட்டைகளின் படைத்தலைவர்கள் நேரே மன்னருக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். மன்னரின் கண்கள் என்று அழைக்கப்பட்ட மேற்பார்வையாளர்கள் மாநிலங்களைச் சுற்றி வந்தார்கள். சூசா நகரிலிருந்து சின்ன ஆசியாவின் சார்தை வரை அரச பாதை ஒன்று சென்றது. அதில் 111 தங்குமிடங்கள் இருந்தன. அஞ்சல் வீரர்கள் அங்கங்கே குதிரை மாற்றி, இரவு பகல் பாராமல் கடிதம் கொண்டு சென்றனர். ஆட்சிக் கடிதங்கள் அரமேய மொழியில் எழுதப்பட்டன. அதே வேளையில் அந்தந்த மக்கள் தங்கள் சமயத்தையும் வழக்கங்களையும் காத்துக்கொள்ள விடப்பட்டனர். வரி ஒழுங்காக வந்தால் போதும், கலகம் இல்லாதிருந்தால் போதும் என்பதே பாரசீகரின் கொள்கை.

யூப்பிரத்தீசு நதிக்கு மேற்கே இருந்த நாடுகள் அக்கரைப் பகுதி எனப்பட்டன. சிரியா, பெனிசியா, பாலஸ்தீனம் ஆகியவை அதனுள் அடங்கும். சைப்பிரசுத் தீவையும் சேர்த்து அம்மண்டலம் ஆண்டுதோறும் 350 தாலந்து வெள்ளி செலுத்தியது என்று ஹெரோடோட்டஸ் கணக்குத் தருகிறார். அப்பெரும் பகுதிக்குள் சிறியதொரு மூலையே யூதா. அதற்கெனத் தனி ஆளுநர் உண்டு. வடக்கே சமாரியாவுக்கும் அவ்வாறே தனி ஆளுநர் இருந்தார்.

சூசா அரண்மனையில்

நெகேமியா அகலியாவின் மகன். முதலாம் அர்த்தக்சஸ்தா மன்னருக்கு (கி.மு. 465-424) திராட்சை இரசம் பரிமாறும் பணியில் சூசா அரண்மனையில் இருந்தார். இதைச் சமையற்கட்டு வேலை என்று நாம் எண்ணிவிடலாகாது. அர்த்தக்சஸ்தாவின் தந்தை தம் அரண்மனைக்குள்ளேயே, தம் அரசவையினரின் கையால் கொலையுண்டவர். அப்படிப்பட்ட அரண்மனையில் மன்னரின் கிண்ணத்தைத் தொடும் உரிமை, உயிரையே நம்பி ஒப்படைக்கத் தக்கவருக்கு மட்டுமே கிடைக்கும்.

கி.மு. 446-ஆம் ஆண்டின் இறுதியில், கிஸ்லேவு மாதத்தில், அவருடைய சகோதரர் அனானி வேறு சிலரோடு யூதாவிலிருந்து வந்தார். எருசலேமின் மதில்கள் இடிந்து, வாயில்கள் எரிந்து கிடப்பதையும், மக்கள் சிறுமையில் வாடுவதையும் சொன்னார். நெகேமியா உட்கார்ந்து அழுதார். பல நாள் நோன்பிருந்து மன்றாடினார். தம் முன்னோரின் பாவங்களை மட்டுமன்றித் தம் பாவங்களையும் தம் குடும்பத்தாரின் பாவங்களையும் சேர்த்தே இறைவன்முன் அறிக்கையிட்டார். இக்குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் தேவை வரும்.

நான்கு மாதம் கழிந்தது. நீசான் மாதத்தில் ஒருநாள் பந்தியின்போது அவர் முகம் வாடியிருந்ததை மன்னர் கண்டு காரணம் கேட்டார். நெகேமியா மிகவும் அஞ்சினார். அஞ்சியதற்குக் காரணமும் உண்டு. இதே மன்னர் முன்பு அக்கரைப் பகுதி அதிகாரிகளின் முறையீட்டைக் கேட்டு, எருசலேமின் கட்டட வேலையை நிறுத்தும்படி ஆணையிட்டிருந்தார். எருசலேம் கலகக்கார நகரம், மதில் எழும்பினால் வரி வராது என்பதே அம்முறையீடு. ஆகவே இப்போது மன்னரின் ஆணையை மன்னரே மாற்ற வேண்டியிருந்தது.

நெகேமியா மனத்துள் இறைவனை வேண்டிக்கொண்டு பேசினார். எருசலேம் என்ற பெயரையே அவர் எடுக்கவில்லை. தம் முன்னோரின் கல்லறைகள் இருக்கும் நகரம் பாழாய்க் கிடப்பதை மட்டும் சொன்னார். மன்னர் எத்தனை காலம் ஆகும் என்று வினவினார். நெகேமியா காலத்தைக் குறித்துச் சொன்னார். அக்கரைப் பகுதியின் ஆளுநர்களுக்குக் கடிதங்களும், வாயில்களுக்கான மரம் பெற அரச வனக் காவலர் ஆசாபுக்கு ஒரு கடிதமும் கேட்டுப் பெற்றார். கண்ணீரோடு செபித்த நான்கு மாதத்தில், வேண்டிய பொருள்களின் பட்டியலையும் அவர் மனத்துள் தயாரித்திருந்தார் என்பது தெளிவு. செபமும் திட்டமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

அக்காலத்தில் மன்னர் மனம் இளகுவதற்கு அரசியல் காரணமும் இருந்திருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் எகிப்து நாடு, ஏத்தென்சின் உதவியோடு பாரசீகருக்கு எதிராகக் கிளர்ந்திருந்தது. எகிப்துக்குச் செல்லும் வழியில் நம்பிக்கைக்குரிய ஆளுநர் ஒருவர் இருப்பது மன்னருக்கும் நல்லதுதானே? இறைவன் மன்னர்களின் கணக்குகளின் வழியாகவும் செயலாற்றுகிறார்.

இரவில் ஒரு சோதனை

கி.மு. 445-இல் நெகேமியா ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட வழியைக் கடந்து எருசலேமை அடைந்தார். படைத்தலைவரும் குதிரை வீரரும் உடன் வந்தனர். வந்தவர் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. ஒருநாள் இரவு சிலரை மட்டும் அழைத்துக்கொண்டு, ஒரே ஒரு வாகன மிருகத்தின்மேல் ஏறிச் சென்று, இடிந்த மதில்களைச் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் இடிபாடுகள் மிகுந்து, மிருகம் செல்ல வழியே இல்லை. தாம் நோக்கி வந்த காரியத்தைக் குருக்களுக்கோ பெரியோருக்கோ அவர் அதுவரை சொல்லவில்லை. கண்ணால் பார்த்து அளந்த பின்னரே மக்களைக் கூட்டிப் பேசினார். மன்னரின் கடிதத்தைக் காட்டி அவர்களுக்குக் கட்டளையிடவில்லை. நமக்கு நேர்ந்துள்ள இழிநிலையை நாமே நீக்குவோம் என்று தம்மையும் அவர்களோடு சேர்த்துக்கொண்டார். மக்கள் மனமுவந்து எழுந்தனர்.

52 நாட்கள்

நெகேமியா ஆகமத்தின் மூன்றாம் அதிகாரம் வெறும் பெயர்ப் பட்டியல். வாசிப்போர் அதைத் தாண்டிச் செல்வது வழக்கம். ஆனால் அதில்தான் அவருடைய நிர்வாகத் திறமை முழுவதும் இருக்கிறது. மதிலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு குடும்பத்துக்கோ ஊருக்கோ தொழிலாளர் குழுவுக்கோ ஒப்படைத்தார். பலருக்குத் தத்தம் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதியே கிடைத்தது. தம் வீட்டு முன்னால் உள்ள மதிலை யார்தான் அரைகுறையாகக் கட்டுவார்?

தலைமைக் குரு எலியாசிபும் அவருடைய உடன் குருக்களும் ஆட்டு வாயிலைக் கட்டத் தொடங்கினர். பொற்கொல்லரும் நறுமணத் தைலம் செய்வோரும் வணிகரும் கல் சுமந்தனர். எருசலேமின் ஒரு பாதிக்குத் தலைவராயிருந்த சல்லூம் தம் புதல்வியரோடு வந்து வேலை செய்தார். தெக்கோவா ஊரார் தங்கள் பகுதியை முடித்து மற்றொரு பகுதியையும் ஏற்றனர். ஆனால் அவ்வூர்ப் பெரிய மனிதர்கள் மட்டும் தோள் கொடுக்கவில்லை என்பதையும் நெகேமியா மறவாமல் எழுதி வைத்தார்.

எதிர்ப்பு எழுந்தது. சமாரியாவின் சன்பலாத்து, அம்மோனியனாகிய தோபியா, அரேபியனாகிய கெசேம் ஆகியோர் முதலில் ஏளனம் செய்தனர். பின்பு தாக்கத் திட்டமிட்டனர். யூதா பலம் பெற்றால் தங்கள் செல்வாக்குக் குறையும் என்ற அச்சமே இதற்கு அடிப்படை. நெகேமியா தம் ஆட்களில் பாதிப் பேரை ஈட்டியோடு நிறுத்தி, பாதிப் பேரை வேலையில் ஈடுபடுத்தினார். சுமை தூக்கியவர்கள் ஒரு கையில் சுமையும் மறு கையில் ஆயுதமுமாக நின்றார்கள். எக்காளம் ஊதுபவன் எப்போதும் ஆளுநரின் அருகில் இருந்தான். இரவிலும் அவரும் அவருடைய ஆட்களும் உடை களையாமல் காவல் இருந்தனர். இவ்வாறு 52 நாட்களில், எலூல் மாதம் 25-ஆம் நாளில், மதில் முடிவுற்றது.

பெண்கள் எழுப்பிய கூக்குரல்

ஆனால் இவ்வரலாற்றின் உயிர்நிலை மதிலில் இல்லை. மதிலுக்குள்ளிருந்து எழுந்த ஓர் அழுகுரலில் இருக்கிறது.

வெளியே பகைவர், உள்ளே வேலை நெருக்கடி. அந்த வேளையில் ஏழை மக்களும் அவர்களுடைய மனைவியரும் கூடிவந்து ஓலமிட்டார்கள். யாருக்கு எதிராக? பாரசீகருக்கு எதிராக அல்ல. சன்பலாத்துக்கு எதிராகவும் அல்ல. தங்கள் சொந்த யூதச் சகோதரருக்கு எதிராக. சிலர் பிள்ளைகள் மிகுந்தவர்கள். உண்ணத் தானியம் இல்லை. சிலர் பஞ்சத்தில் தானியம் வாங்க நிலத்தையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்தவர்கள். மற்றும் சிலர் மன்னரின் வரியைக் கட்டவே நிலத்தின்மேல் கடன் வாங்கியவர்கள். கடனைத் தீர்க்க முடியாமல் பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய புதல்வியருள் சிலர் ஏற்கனவே அடிமைப்பட்டிருந்தனர். மீட்க வழியில்லை, நிலம் பிறர் கையில்.

பாரசீக ஆட்சி முறையின் மறுபக்கத்தை இங்கே காண்கிறோம். மன்னருக்கு வரி பெரும்பாலும் வெள்ளியாகச் செல்ல வேண்டும். உழவனிடமோ கோதுமையும் எண்ணெயும்தான் உண்டு. வெள்ளி வைத்திருப்பவன் ஊரில் ஒருசிலனே. வரி நாள் வந்தால் அவன் வாசலில்தான் நிற்க வேண்டும். இப்படித் திரண்ட வெள்ளி பேரரசின் கருவூலங்களில் ஆண்டாண்டாகக் குவிந்தது. கி.மு. 330-இல் அலெக்சாந்தர் பெர்சேபோலிசைக் கைப்பற்றியபோது அங்கே 1,20,000 தாலந்து பெறுமான செல்வம் இருந்ததாகப் பழைய வரலாற்றாசிரியர் கணக்கிட்டனர். அதில் யூதாவின் உழவர் வீட்டுப் பிள்ளைகளின் விலையும் கலந்திருக்கும் அல்லவா?

நெகேமியா பெருஞ்சினம் கொண்டார். ஆயினும் உடனே பேசவில்லை. தமக்குள் ஆழ்ந்து சிந்தித்தார். பிறகு தலைவர்களையும் அலுவலர்களையும் நேருக்கு நேர் கண்டித்தார். பெரும் சபையைக் கூட்டினார். வேற்றினத்தாருக்கு விற்கப்பட்ட நம் சகோதரரை நாம் பணம் கொடுத்து மீட்டு வருகிறோம். நீங்களோ அவர்களை மறுபடியும் விற்கிறீர்கள் என்று சுட்டிக்காட்டினார். அவர்கள் பதிலின்றி மௌனமாயினர்.

அடுத்து அவர் செய்த காரியம் நம் உள்ளத்தைத் தொடுகிறது. தாமும் தம் சகோதரரும் தம் பணியாளரும் அதே மக்களுக்குப் பணமும் தானியமும் கடன் கொடுத்திருப்பதை அவர் சபையில் ஒப்புக்கொண்டார். ஆளுநரின் பெயரும் கடன் பேரேட்டில் இருந்தது! சூசாவில் தம் பாவத்தையும் சேர்த்து அறிக்கையிட்டவர், எருசலேமில் தம் கணக்கையும் சேர்த்துத் திறந்து காட்டினார். அதன் பின்னரே மற்றவர்களைக் கேட்டார். வயல்களையும் திராட்சை, ஒலிவத் தோட்டங்களையும் வீடுகளையும் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். பணம், தானியம், இரசம், எண்ணெய் ஆகியவற்றின்மேல் வாங்கிய நூற்றுக்கு ஒன்று என்ற வட்டியையும் விடச் சொன்னார். அவர்கள் இசைந்தனர். சொல்லை மட்டும் நம்பாமல், குருக்களை வரவழைத்து அவர்களை ஆணையிடச் செய்தார். தம் மேலாடையின் மடியை உதறிக் காட்டி, வாக்குத் தவறுபவனை இறைவன் இவ்வாறே உதறிவிடுவார் என்று எச்சரித்தார். சபையார் அனைவரும் ஆமென் என்றனர்.

சிந்தித்துப் பாருங்கள். மதில் வேலை நின்றுவிடக்கூடிய நேரம் அது. கடன் கொடுத்த செல்வர்களைப் பகைத்துக்கொண்டால் வேலைக்கு ஆபத்து. முதலில் மதில் முடியட்டும், பிறகு உங்கள் குறையைப் பார்ப்போம் என்று அவர் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை. அழும் மக்களின் முதுகின்மேல் எழும்பும் மதில், இறைவனின் நகருக்கு மதில் ஆகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆளுநரின் பந்தி

அவருக்கு முன்னிருந்த ஆளுநர்கள் மக்களிடமிருந்து உணவும் இரசமும் 40 செக்கேல் வெள்ளியும் வாங்கி வந்தனர். அவர்களுடைய வேலைக்காரரும் மக்களை அதட்டினர். ஆளுநரின் உணவுப்படி சட்டப்படி அவருக்கு உரியது. அதை வாங்குவது குற்றம் அன்று. ஆயினும் கி.மு. 445 முதல் 433 வரை 12 ஆண்டுகள் நெகேமியா அதைத் தொடவில்லை. மக்கள்மேல் சுமை மிகுதியாயிருந்ததே காரணம் என்றும், தமக்கு இறையச்சம் இருந்தது என்றும் எழுதுகிறார்.

அதே வேளையில் அவர் கைச்சுருக்கமானவரும் அல்லர். யூதர்களும் அலுவலர்களுமாக 150 பேர் அவருடைய பந்தியில் உண்டனர். அண்டை நாடுகளிலிருந்து வந்தவர்கள் இதற்கு மேல். நாளொன்றுக்கு ஒரு மாடு, ஆறு நல்ல ஆடுகள், கோழி முதலிய பறவைகள் சமைக்கப்பட்டன. பத்து நாளைக்கு ஒருமுறை பலவகை இரசம் மிகுதியாய் வந்தது. இத்தனை செலவுக்கும் மக்கள்மீது உணவுப்படி விதிக்கவில்லை. இன்னும் ஒன்று: அவர் நிலம் வாங்கவில்லை. பஞ்ச காலத்தில் நிலம் மலிவாகக் கிடைக்கும். ஆளுநர் கேட்டால் மறுப்பவர் யார்? அவரும் அவருடைய பணியாளர்களும் மதில் வேலையையே பார்த்தனர்.

சதியும் திருச்சட்டமும்

மதில் முடியும் தறுவாயில் சன்பலாத்தும் கெசேமும் ஓனோ சமவெளிக்குப் பேச வருமாறு நான்கு முறை ஆள் அனுப்பினர். நான்கு முறையும் தமக்கு வேலை இருக்கிறது என்று அவர் மறுத்தார். ஐந்தாம் முறை மூடாத கடிதம் ஒன்று வந்தது. அவர் அரசராகத் திட்டமிடுகிறார் என்ற வதந்தி அதில் எழுதப்பட்டிருந்தது. பாரசீக ஆட்சியில் ஓர் ஆளுநரின் தலை போவதற்கு அந்த ஒரு குற்றச்சாட்டே போதும். மேலும் கூலிக்கு அமர்த்தப்பட்ட செமாயா என்பவன், உயிர் தப்பக் கோவிலுக்குள் ஒளிந்துகொள்ளுமாறு அவரைத் தூண்டினான். குருவல்லாத தாம் தூயகத்தில் நுழைந்து உயிர் பிழைக்க விரும்பவில்லை என்று நெகேமியா விலகினார். தம் பதவியின் எல்லையையும் அவர் அறிந்திருந்தார்.

மதில் முடிந்தபின் நகரைக் காக்கும் பொறுப்பை அனானியிடமும், இறையச்சம் மிக்க அனனியாவிடமும் ஒப்படைத்தார். தண்ணீர் வாயிலுக்கு முன் மக்கள் கூட, மறைநூல் வல்லுநராகிய எஸ்ரா மரமேடைமேல் நின்று விடியற்காலை முதல் நண்பகல் வரை திருச்சட்டத்தை வாசித்தார். மக்கள் கேட்டு அழுதனர். இது மகிழ்ச்சியின் நாள், உண்டு குடித்து இல்லாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள் என்று அவர்களைத் தேற்றினர். பின்னர் மக்கள் செய்த உடன்படிக்கையில் ஏழாம் ஆண்டுதோறும் கடனை விட்டுவிடுவதாகவும், கோவில் பணிக்கு ஆண்டுக்கு ஒரு செக்கேலில் மூன்றில் ஒரு பங்கு கொடுப்பதாகவும் உறுதி கூறினர்.

இரண்டாம் முறை

கி.மு. 433-இல் நெகேமியா மன்னரிடம் திரும்பிச் சென்றார். சில காலத்துக்குப்பின் விடுப்புப் பெற்று மீண்டும் எருசலேமுக்கு வந்தபோது பல ஒழுங்குகள் சீர்குலைந்திருந்தன. காணிக்கை வைக்கும் கோவில் அறையைக் குரு எலியாசிபு, பகைவனாகிய தோபியாவுக்குத் தங்குமிடமாகக் கொடுத்திருந்தார். லேவியருக்குரிய பங்கு கொடுக்கப்படாமையால் அவர்கள் தங்கள் வயல்களுக்குப் போய்விட்டிருந்தனர். நெகேமியா தோபியாவின் தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எறிந்தார். களஞ்சியத்துக்குக் குரு ஒருவர், எழுத்தர் ஒருவர், லேவியர் ஒருவர், துணையாக மற்றொருவர் என நால்வரைப் பொறுப்பாக நியமித்தார். அவர்கள் நம்பத்தக்கவர் என்று பெயர் பெற்றிருந்ததே தகுதி. கோவில் பணத்தை ஒருவர் கையில் விடலாகாது என்பதை அவர் அன்றே நடைமுறையாக்கினார். ஓய்வு நாளில் வாயில்களை அடைத்து வாணிபத்தை நிறுத்தினார்.

அவரிடம் குறையும் இருந்தது. வேற்றினப் பெண்களை மணந்தவர்களைக் கண்டித்தபோது சிலரை அடித்தார். தலைமயிரைப் பிடித்து இழுத்தார். அச்சிறு சமூகம் கரைந்து போய்விடுமோ என்ற அச்சம் அவரை அப்படிச் செய்ய வைத்தது. ஆனால் அக்கடுமையை நாம் பின்பற்ற வேண்டும் என்று திருச்சபை கற்பிக்கவில்லை. மோவாபியப் பெண்ணாகிய ரூத்து, தாவீதின் வழியாக நம் ஆண்டவரின் மூதாதையருள் ஒருவராக விளங்குவதையும் அதே விவிலியம் நமக்குச் சொல்கிறது. பெரியோரின் நற்செயலைக் கைக்கொள்வோம். அவர்களுடைய கோபத்தைக் கைக்கொள்ள வேண்டாம்.

நெகேமியாவின் மரணத்தை விவிலியம் குறிப்பிடவில்லை. ஆண்டவர் தம்மை நன்மையாக நினைவுகூர வேண்டும் என்ற மன்றாட்டோடு அவருடைய நூல் முடிகிறது. சீராக் ஆகமம் அவரை இடிந்த மதில்களை எழுப்பியவராகப் புகழ்கிறது. மக்கபேயர் இரண்டாம் ஆகமம் அவர் நூல்களைச் சேகரித்து நூலகம் அமைத்ததைக் கூறுகிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் எலெபந்தைன் தீவில் கிடைத்த அரமேயப் பத்திரங்களுள் ஒன்று கி.மு. 407-இல் யூதாவின் ஆளுநர் பகோகிக்கு எழுதிய மனு. அதில் சமாரியாவின் ஆளுநரான சன்பலாத்தின் மைந்தர் இருவரின் பெயர்கள் உள்ளன. நெகேமியா வகித்த பதவியும், அவரை எதிர்த்தவரின் குடும்பமும் கதையல்ல, வரலாறு என்பதற்கு இது சான்று.

நமது யூபிலி

அன்பர்களே, யூபிலி என்ற சொல் எருசலேமின் மக்களுடைய மொழியிலிருந்து வந்தது. லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரத்தின்படி, 50-ஆம் ஆண்டில் எக்காளம் முழங்கும். கைமாறிய நிலம் உரியவனிடம் திரும்பும். அடிமையான சகோதரன் வீடு திரும்புவான். தோரணமும் வாணவேடிக்கையும் பின்னால் வந்தவை. நெகேமியா 50-ஆம் ஆண்டுக்குக் காத்திராமல், ஓலம் கேட்ட அந்நாளையே யூபிலி ஆக்கினார்.

அவரைப் பற்றி எழுதிவிட்டு நாம் நம் கணக்கை மறைத்தல் ஆகாது. ஆலயத்தைப் புதுப்பித்தபோது எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே அளவாகத் தலைக்கட்டு வரி வைத்தோம். கொடாதவர்களின் பெயரை ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வாசித்தோம். அப்படிப் பெயர் கேட்டு வெட்கிய ஒரு தாய், காதில் கிடந்ததை அடகு வைத்து வட்டிக்கு வாங்கி வரி கட்டினார் என்பது பின்னரே நமக்குத் தெரியவந்தது. ஆலயச் சுவர் எழும்பியது. ஆனால் நாம் ஓலத்தைக் கேட்கத் தவறினோம். அந்தத் தாயிடம் நேரில் மன்னிப்புக் கேட்டோம். இம்மலர் வழியாக உங்கள் அனைவரிடமும் கேட்கிறோம்.

பங்குப் பேரவையின் முழு இசைவோடு, பொன்விழா நாளன்று தலைக்கட்டு வரியின் நிலுவை அனைத்தையும் தள்ளுபடி செய்கிறோம். அந்தப் பெயர்ப் பட்டியல் இனி எங்கும் வாசிக்கப்படாது. நம் பங்கிலே வட்டிக்குக் கொடுக்கும் அன்பர்களும் இருக்கிறீர்கள். உங்கள் பேரேட்டைத் திறந்து, அதில் உள்ள பெயர்களுள் எத்தனை பேர் நம்மோடு ஒரே பந்தியில் நற்கருணை உட்கொள்கிறவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அடகு நகை ஒன்றாவது அதற்குரியவரின் காதுக்குத் திரும்பினால், அதுவே நம் பொன்விழாவின் எக்காளம்.

நெகேமியாவை நன்மையாக நினைவுகூர்ந்த ஆண்டவர், நம்மையும் நம் குடும்பங்களையும் நன்மையாக நினைவுகூர்ந்து நிறைவாக ஆசீர்வதிப்பாராக.

இயேசுவின் அன்பில்,
உங்கள் பங்குத்தந்தை